கதவுக்குக் கட்டிய மணி

2023 தீபாவளி, நவம்பர் 12. குன்னூர் புரூக்லேண்ட்ஸில் நாயைத் துரத்திக்கொண்டு வந்த சிறுத்தை ஒன்று, அதிகாலை இருட்டில் ஒரு வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலருக்குக் காயம். ஒரு நாள் கழிந்த பிறகுதான் அது தானாக வெளியேறிப் போனது. டீக்கடை, ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்ட் என்று எங்கே போனாலும் அந்த வாரம் சிறுத்தைப் பேச்சுதான். எனக்கு அந்த நாயின் நினைப்பாகவே இருந்தது. துரத்தப்படும் நாய் எங்கே ஓடும்? தனக்குத் தெரிந்த வாசலுக்குத்தான் ஓடும்.

எங்கள் நாய் சிட்டுவின் கதவுப் பாடத்தை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாததற்கு அந்தத் தீபாவளியே காரணம்.

*

சிட்டு ஸ்பிட்ஸ் கலப்பு. பஞ்சுமாதிரி உடம்பு, மொத்த எடை ஐந்து கிலோவுக்குள். இந்த அளவு நாய்களை நம் ஊரில் எல்லாரும் ‘பொமரேனியன்’ என்றே சொல்லிவிடுகிறோம். சின்ன நாய்க்கு எந்தப் பழக்கமும் சொல்லித்தர வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒண்ணுக்குப் போனால் ஒரு துணியில் துடைத்துவிடலாம், மேலே தாவினால் கையில் தூக்கிக்கொள்ளலாம், கதவைத் தாண்டி ஓடினால் நாலு எட்டில் பிடித்துவிடலாம். அல்சேஷன் இதையெல்லாம் செய்தால் ஒரே வாரத்தில் ஆள் வைத்துப் பழக்குவார்கள். சின்னதற்கோ ஆயுசு முழுக்க அடம்பிடிக்க விட்டுவிட்டு, பிறகு ‘இந்த ஜாதியே இப்படித்தான்’ என்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். அதன் மூத்திரப்பை சின்னது, கால் குட்டை, மழையில் நனைந்த புல் அதன் வயிற்றில் உரசுகிறது. பெரிய நாயைவிட அதற்குத்தான் நம் உதவி கூடுதலாகத் தேவை.

*

குட்டி எத்தனை நேரம் தாங்கும்? வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணிநேரம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் மேல்வரம்பு, சின்ன இனங்களுக்கு அதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், குதித்து விளையாடி ஓய்ந்ததும் என்று இந்த மூன்று வேளையும் கேட்காமலே தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். இவற்றை விட்டுவிட்டுக் கதவில் மணி கட்டிப் பயனில்லை. ஏற்கெனவே வெளியே போய்ப் பழகிய நாய்தான் வெளியே போகக் கேட்கும்.

*

சிட்டு சொல்லாமல் போவதே இல்லை. விளையாட்டைப் பாதியில் நிறுத்தும். மூக்கைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நடக்கும். ஒரே இடத்தை வட்டமடிக்கும். பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கும். கதவை ஒருமுறை பார்த்து, நம்மை ஒருமுறை பார்க்கும். கஷ்டம் என்னவென்றால் இந்த உயரத்தில் இதெல்லாம் கண்ணில் படுவதில்லை. அது குந்துவதும் உட்காருவதும், அந்த முடிக்குள் ஒன்றுபோலவே இருக்கின்றன. அடுப்பில் கை வேலையாக இருக்கும்போது யார் கவனிப்பது? கண்ணுக்குத் தெரியாததைக் காதுக்குக் கேட்க வைக்கத்தான் மணி.

*

கோத்தகிரி சந்தையில் ஆட்டுக்குட்டி கழுத்தில் கட்டும் மணி வாங்கினேன். கனமில்லாத சத்தம். ஒரு சணல் கயிற்றில் கோத்து, கதவுக் கைப்பிடியிலிருந்து சிட்டுவின் மூக்கு உயரத்துக்குத் தொங்கும்படி அளந்துகொண்டேன். உயரம் முக்கியம். எட்டித் தாவ வேண்டிய உயரத்தில் கட்டினால் கதவைப் பிராண்டுவதைத்தான் கற்றுக்கொடுக்கிறோம்.

முதலில் கதவே வேண்டாம். மணியைக் கையில் பிடித்துக் காட்டினேன். சிட்டு முகர வந்தாள். மூக்கு பட்டு லேசாகக் கிணுங்கியது. அந்த நொடியே ஒரு கேரட் துண்டு. சத்தத்துக்கு மிரண்டு பின்வாங்கியவள், கேரட்டை மென்றுவிட்டுத் தலையைச் சாய்த்து மணியைப் பார்த்தாள். திரும்ப வந்து இடித்தாள். இது பிடிபட்ட பிறகுதான் கயிறு கதவுக்குப் போனது. அதன்பின் வெளியே கிளம்பும் ஒவ்வொரு முறையும் மணியருகே நிற்பேன், அவள் மூக்கால் இடிப்பாள், கதவு திறக்கும், நேரே வெளியே அவளுக்கென்று வைத்திருக்கும் மூலைக்கு. போய் முடித்ததும் அங்கேயே, அந்த இடத்திலேயே இன்னொரு துண்டு. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குத்தான் கூலி கிடைத்தது என்று அது எடுத்துக்கொள்ளும்.

கேத்தி கேரட்டைப் பயறு அளவுக்கு நறுக்கினால் ஒரு கேரட் நாள் முழுக்க வரும். வர்க்கி வேண்டாம், அத்தனையும் கொழுப்பு. ஊட்டி ஹோம்மேட் சாக்லேட்டை நாய் எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. கோகோவில் இருக்கும் தியோபுரோமின் நாய் உடம்பில் மெதுவாகத்தான் கரையும். ஐந்து கிலோ நாய்க்குக் கொஞ்சம் டார்க் சாக்லேட்டே ஆபத்து.

*

மணி பழகிய நாய் அடுத்துக் கண்டுபிடிப்பது, மணியடித்தால் ஊர் சுற்றலாம் என்பதை. அணிலுக்கு ஒரு மணி, பால்காரருக்கு ஒரு மணி. பலர் இந்த இடத்தில் சலித்துப்போய் மணியைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்ற வேண்டியதில்லை. மணி அடித்தால் எழுந்து போக வேண்டும். ஆனால் பெல்ட்டில் கயிறு மாட்டி, அந்த ஒரு மூலைக்கு மட்டும், பேச்சில்லாமல், ஐந்து நிமிடம். போனால் கேரட், அதன்பின் கொஞ்சம் விளையாட்டு. போகாவிட்டால் திரும்ப உள்ளே. மணிக்குக் கிடைப்பது அந்த மூலை மட்டும்தான் என்று தெரிந்ததும் அணிலுக்கான மணி தானாக நின்றுபோகும். அதற்காக ஒரு மணியைக்கூடக் கேட்காததுபோல் இருந்துவிடக் கூடாது. கேட்டும் ஆள் எழுந்திருக்காத வீட்டில் நாய் கேட்பதையே விட்டுவிடும்.

*

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை. நடுவட்டம், கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடி. எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரு மழைக்காலம் வாரக்கணக்கில் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். மார்கழியில் ஊட்டியில் தலைகுந்தா, காந்தள் பக்கம் உறைபனி. விடிகாலைப் புல் வெள்ளையாகக் கிடக்கும். அதில் போய்க் குந்து என்றால் எந்த நாய் குந்தும்?

குட்டிக்குக் காலடியில் என்ன பட்டால் ‘இது போகிற இடம்’ என்று தோன்றுமோ அது மிகச் சின்ன வயதிலேயே, எட்டு ஒன்பது வாரத்துக்குள் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. செய்தித்தாளில் பழகியது செய்தித்தாளைத் தேடும். கால்மிதியில் பழகியது ஊரில் உள்ள கால்மிதியையெல்லாம் தேடும். சிட்டு புல்லில் பழகியவள். அதனால் மழைக்கென்று தாழ்வாரத்தில், விறகு அடுக்கின் ஓரம், ஓட்டையிட்ட பழைய பிளாஸ்டிக் தட்டில் புல்கட்டியை வெட்டி வைத்தேன். மேலே தகரம். முதல் தடவை, அவள் ஏற்கெனவே போன புல்லையே கொஞ்சம் பெயர்த்து அதில் வைத்தேன். முகர்ந்தாள், வட்டமடித்தாள், போனாள். புல் மஞ்சளித்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அட்டை இருக்கும் மாதங்களில் உள்ளே வந்ததும் விரல் இடுக்கு, காது மடல், மூக்குத் துவாரம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

*

கீழே எஸ்டேட் லைனில் ஒரு அக்கா இருக்கிறார். வரிசையாகப் பத்து வீடு, முன்னால் ஒரே நடைபாதை, ஒரே சாக்கடை, ஒரே குழாய். அங்கே ஒரு நாய் நடைபாதையில் ரெண்டுக்குப் போனால் பத்து வீட்டுக்கும் சண்டை. காலையில் கொழுந்து பறிக்கப் போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு. அந்த நெருக்கடியில் அவர் வீட்டு நாய் ஒரு நாளும் நடைபாதையை அசிங்கம் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு மழை நாளில் கேட்டேன்.

“எப்படிக்கா இது போகுது? எங்களது கதவைத் தொறந்தா நனையாம நின்னு என்னைத்தான் பாக்குது.”

“நீ கதவைத் தொறந்து போ போன்னா அது எங்க போகும் தங்கச்சி? நீ மொதல்ல எறங்கு. அது பின்னாடி வரும்.”

அவர் தலையில் கொங்காணியை மாட்டிக்கொண்டு இறங்கினார். நாய் அவர் காலோடு ஒட்டிக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி, லைனுக்குப் பின்னால் போய்விட்டு வந்தது. வந்ததும் ஒரு கோணித் துண்டால் அதன் நாலு காலையும் துடைத்தார். அது ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கொடுத்தது. நாய்ப் பயிற்சி என்று நான் படித்த எதிலும் இந்த அளவுக்குத் தெளிவாக ஒருவர் எனக்குச் சொன்னதில்லை.

*

இனி கதவு மரியாதை.

கதவு திறந்தால் நாய் பாய்கிறது. ஏன்? பாய்ந்த ஒவ்வொரு முறையும் வெளியே போக முடிந்திருக்கிறது, அதனால் பாய்கிறது. பாய்ந்தால் கதவு மூடும், நின்றால் கதவு திறக்கும் என்று கணக்கை மாற்றினால் நாயும் மாறும். கத்த வேண்டாம், பெல்ட்டைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

கொண்டியில் கை வைக்கிறேன், சிட்டு எழுகிறாள், கையை எடுத்துவிடுகிறேன். அவள் உட்காருகிறாள், கை திரும்பக் கொண்டிக்குப் போகிறது. இரண்டு விரல் அளவு திறக்கிறேன். மூக்கு இடுக்குக்கு வருகிறது, மெதுவாக மூடுகிறேன். சின்ன நாய்க்கு இதில் கவனம் வேண்டும். வாலோ பாதமோ நசுங்கிவிட்டால் கதவென்றாலே பயந்துவிடும். திரும்ப உட்காருகிறாள், இன்னும் கொஞ்சம் திறக்கிறேன். முழுக்கத் திறந்தும் அவள் உட்கார்ந்திருந்தால் நான் முதலில் நிலைப்படியைத் தாண்டி வெளியே பார்க்கிறேன். இடது பக்கம் தேயிலை, வலது பக்கம் பாதை, மேலே மதில். பிறகுதான் ‘வா’. இதில் கேரட்டுக்கு வேலை இல்லை. திறந்த கதவே கூலி.

வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் ‘வா’, ஒருவர் ‘போ’, பிள்ளைகள் ‘கமான்’ என்றால், எந்தச் சொல்லுக்கு எழுவது என்று தெரியாமல் நாய் எல்லாச் சொல்லுக்கும் எழுந்துவிடும்.

பாடம் முடியும்வரை வாசலுக்கு ஒரு கயிறு தனியாகத் தொங்கட்டும். கேஸ் சிலிண்டர்காரர் வரும் நேரம் பாடம் நடத்துகிற நேரமல்ல. அப்போது கயிற்றை மாட்டிவிட்டுக் கதவைத் திறப்பதே புத்தி.

விருந்தாளி வந்தால் சிட்டுவுக்கு உட்காரும் இடம் கால்மிதிக்குப் பின்னால் ஒரு சாக்கு. நாலு காலும் தரையில் இருந்தால்தான் யாரும் அவளைத் தொட வேண்டும். இதை வருகிறவர்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம். “அய்யோ, சின்னதுதானே, பரவாயில்ல” என்று குனிந்து தூக்கிக்கொள்வார்கள். மாமியார் வயதில் ஒருவர் ஈரப் படியில் கால் வைக்கும்போது ஐந்து கிலோ முழங்காலில் வந்து மோதினால் போதும், இடுப்பெலும்பு போய்விடும். அதனால் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்.

சில சின்ன நாய்கள் ஆள் வந்த சந்தோஷத்தில் அங்கேயே சொட்டுச் சொட்டாக விட்டுவிடும். அதை மணிப் பாடத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வேண்டுமென்று செய்வதில்லை, அதற்கே தெரியாது. திட்டினால் கூடும். மேலே குனியாமல், கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் வரவேற்றால் பெரும்பாலும் வளர வளரக் குறைந்துவிடும்.

*

இனி சிறுத்தை. மகாராஷ்டிராவில் அகோலே வட்டாரத்தில் காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவின் குழுவினர் சிறுத்தை எச்சங்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். அது தின்றதில், எடைக் கணக்கில், 39 சதவீதம் நாய். ஆடு 11 சதவீதம்தான். இத்தனைக்கும் அந்த வட்டாரத்தில் நாய்களைவிட ஆடுகள் பல மடங்கு. ஆட்டை இரவில் பட்டியில் அடைக்கிறார்கள், நாயை வெளியே விட்டுவிடுகிறார்கள்.

நம் மலையிலும் அதே கதைதான். சிறுத்தை தேயிலைப் புதரில் படுத்துக்கிடந்தால் பத்தடி தள்ளி நிற்பவருக்குக்கூடத் தெரியாது. இருட்டிய பிறகு கதவைத் திறந்து ‘போய்ட்டு வா’ என்று அனுப்பிவிட்டு அடுப்படிக்குத் திரும்பும் வீடுகளை நான் அறிவேன். சில வீடுகளில் அது திரும்பி வருவதில்லை. காலையில் பெல்ட் மட்டும் கிடைக்கும். ‘சிறுத்தை தூக்கிட்டுப் போச்சு’ என்பார்கள். அந்த நேரத்தில் அந்தக் கதவைத் திறந்து அதைத் தனியாக அனுப்பியது நாம். நாய் மணியடித்துக் கேட்டது, நாம் கூடப் போகவில்லை. இதை மட்டும் நான் எங்கே வேண்டுமானாலும் சத்தமாகச் சொல்வேன்.

எங்கள் வீட்டு முறை இது. விளக்கு வைத்த பிறகு கயிறு இல்லாமல் வெளியே இல்லை. முதலில் வெளி விளக்கு, பிறகு டார்ச், பிறகு நான், கடைசியாக சிட்டு. அந்த மூலை, வாசலிலிருந்து பார்வை எட்டும் தூரத்தில், புதர் வெட்டிய இடத்தில். இரவுச் சாப்பாட்டை முன்னுக்குத் தள்ளிவிட்டால், படுக்கும் முன் ஒருமுறை போய்வந்தால் விடியும்வரை தாங்குகிறாள். நடு இரவில் மணியடித்தால் தாழ்வாரத்துப் புல்தட்டுதான்.

*

காட்டெருமை பகலிலேயே வரும். சின்ன நாய்க்கு அதன் அளவு புரியாது. குரைத்துக்கொண்டு போய் முட்டியருகே நிற்கும். எருமை தலையைத் தாழ்த்தியதும் திரும்பி நம் காலடிக்குத்தான் ஓடிவரும், எருமையையும் கூட்டிக்கொண்டு. நிலைப்படியில் நிற்கப் பழகிய நாய் வீட்டில் உள்ள எல்லாரையும் காப்பாற்றுகிறது.

கரடியை இழுப்பது எண்ணெய் வாசம். கோத்தகிரிப் பக்கம் கோயில் கதவு, கடைக் கதவு, சத்துணவுக் கூடக் கதவு எல்லாம் அது பெயர்த்திருக்கிறது. நாய்ச்சோற்றுத் தட்டை இரவில் வாசலில் விடக் கூடாது.

*

வீட்டுக்குள்ளேயே ஒண்ணுக்குப் போய்விட்டதா? மூக்கைத் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது எல்லாம் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. அதிலிருந்து நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதர் பார்க்க ஒண்ணுக்குப் போகக் கூடாது. பிறகு வெளியே கயிற்றில் கூட்டிப்போனாலும் நம் முன்னால் போகாது, உள்ளே வந்து கட்டிலுக்கடியில் போகும். கையும் களவுமாகப் பார்த்தால் ஒரு கைதட்டு, தூக்கிக்கொண்டு வெளியே. பார்க்காவிட்டால் துடைத்துவிட்டு விட்டுவிட வேண்டியதுதான்.

துடைப்பதிலும் விஷயம் இருக்கிறது. அம்மோனியா கலந்த திரவம் நாய்க்கு மூத்திர வாசம்போலவே இருக்கும். அதே இடத்துக்குத் திரும்ப வரும். பினாயில் நமக்குச் சுத்தமாகத் தோன்றும், நாயின் தோலுக்கும் நாக்குக்கும் நல்லதல்ல. என்சைம் திரவம் கடையில் கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் நன்றாக ஒற்றி எடுத்து, வினிகரும் தண்ணீரும், காய்ந்ததும் ஆப்ப சோடா. இந்த மலை ஈரத்தில் எதுவும் சீக்கிரம் காயாது. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

*

சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட். குன்னூரில் வளர்ந்தவர்களுக்கு அது வழியில் பார்க்கும் ஒரு பழைய கட்டிடம். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடி நோயில் இறந்தார். அப்போது சிகிச்சைக்கு இமயமலைப் பக்கம் கசௌலிக்குத்தான் போக வேண்டும். ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கி, 1907இல் இதைத் திறந்தார்கள். தென்னாட்டில் கடிபட்டவர்களுக்கு ஒரு வழி பிறந்தது.

கதவைத் தாண்டி ஓடும் நாய் தெருநாயோடு கடிபடும், கூரியர்காரரைக் கடிக்கும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில் தவறாமல். யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஊட்டியில் வேர்ல்டுவைட் வெட்னரி சர்வீஸ் நடத்தும் மையத்தில் வெளிமாநில டாக்டர்களும் வந்து தெருநாய்க் கருத்தடை அறுவை பழகுகிறார்கள். இந்தச் சின்ன மாவட்டத்தில் இப்படி இரண்டு இடங்கள் இருப்பதில் எனக்குப் பெருமை.

தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியின் மூலை நம் வீட்டு வேலிக்குள்ளேயே இருக்கட்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும்.

*

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று அடிக்கடி மணியடித்தாலோ, சொட்டுச் சொட்டாகப் போனாலோ, படுத்த இடத்திலேயே நனைத்தாலோ அதைப் பழக்கக் குறை என்று நினைக்க வேண்டாம். மூத்திரத் தொற்று, கல், சர்க்கரை என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே கால்நடை டாக்டர். முடிந்தால் ஒரு சுத்தமான டப்பாவில் காலை மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை சுலபம். சின்ன நாய்க்கு அடியில் குழம்புக் கரண்டியை நீட்டிப் பிடிக்கலாம். அந்தக் கரண்டி பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

*

மேட்டுப்பாளையத்தில் கல்யாணம். அண்ணி வீட்டில் தங்கல். இங்கே கற்றது அங்கே தானாகச் செல்லாது. புதுக் கதவு நாய்க்குப் புதுப் பாடம். மணிக்கயிற்றைப் பையில் எடுத்துக்கொண்டேன். போய் இறங்கியதும் முதல் வேலை, கயிற்றை அவர்கள் வாசல் கைப்பிடியில் கட்டி, சிட்டுவை ஒருமுறை இடிக்கவைத்து, வெளியே கூட்டிப்போய்க் காட்டியது. அண்ணி வீட்டு முற்றம் முழுக்க சிமெண்ட். சிட்டு நின்று பார்த்தாள், போகவில்லை. இதை எதிர்பார்த்துத்தான் பஸ்ஸில் ஒரு சாக்கில் புல்கட்டி கொண்டுபோயிருந்தேன். கீழே வெயில் ஜாஸ்தி, இரண்டு வேளை தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை சாக்குக்குப் பதில் தட்டோடு கொண்டுபோக வேண்டும்.